வளைவில் விழும் பெட்டி: பிழை எங்கே இருக்கிறது?

மூதூரில் புகையிரதம் இல்லை. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலையில், 1927ஆம் ஆண்டிலேயே தண்டவாளம் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வரவே இல்லை. கொழும்புக்குக் கோச்சியில் போவதென்றால் கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலைக்குப் போக வேண்டும். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும் முன்னர் லோஞ்சில் குடாவைக் கடந்து போனவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குக் கோச்சி என்பது வேறு ஊரில் இருக்கும் ஒரு பொருள்.

என் தங்கையின் மகன் ஏழாம் தரத்தில் படிக்கிறான். இதுவரை இரண்டு தடவைதான் கோச்சி ஏறியிருக்கிறான். ஆனால் அவனுடைய பேச்செல்லாம் கோச்சிதான். கல்லோயாச் சந்தியில் எத்தனை நிமிடம் நின்றது, எந்த எஞ்சின் இழுத்தது என்று எல்லாம் மனப்பாடம். இதைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய சாச்சா போன வருடம் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெரிய பார்சல் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு மாதிரிப் புகையிரதம்: எஞ்சின் ஒன்று, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், மூன்று நீளமான பயணிகள் பெட்டிகள். எஞ்சினும் தண்டவாளமும் புதியவை. பெட்டிகள் பழைய பொருட்கள் விற்குமிடத்தில் வாங்கியவை. அவற்றுக்கு அட்டைப்பெட்டியும் இல்லை, விளக்கத்தாளும் இல்லை.

முதலாவது வாரமே பிரச்சினை தொடங்கியது. எஞ்சின் தனியாக அழகாக ஓடியது. பெட்டிகளைக் கொளுவினால் நேர்ப்பாதையில் ஓடும், வளைவில் விழும். பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சிக்காக ஒருநாள் ஓட்டிக் காட்டப் போனபோது மூன்று பெட்டிகளும் மேசையிலிருந்து நிலத்தில் விழுந்தன. வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, “மாமா, கோச்சி பழுதாப்போச்சு. சாச்சாக்குச் சொல்லிடாதீங்க” என்றான்.

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். மாதிரிப் புகையிரதம் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. கண்காட்சிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரத்தில் நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு பார்சல் வெளிநாட்டிலிருந்து வந்து, நாலு நாள் ஓடி, பிறகு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்ட வீடுகள் நம்மிடையே பல இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் எழுதிவைத்தோம்

நான் பார்க்கும் முன்னரே ஒரு சேதம் நடந்துவிட்டது. பெட்டியின் அடியில், இரண்டு முனையிலும், நான்கு சில்லுகள் கொண்ட ஒரு சிறு வண்டி இருக்கும். அதைப் போகி என்பார்கள். அது ஒரு முளையில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். “இது ஆடுறதாலதான் விழுது” என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் சொல்ல, மருமகன் ஒரு பெட்டியின் போகியைப் பசை போட்டு ஒட்டிவிட்டான். பிறகு இழுத்துக் கழற்றப் போய் முளை உடைந்துவிட்டது. ஆடுவதற்காகவே செய்த உறுப்பு அது. வளைவில் பெட்டி நேராக இருக்கும், போகிதான் திரும்பிக்கொடுக்கும். ஆடுவதை நிறுத்தினால் பெட்டி திரும்பவே முடியாது.

இனிமேல் எதையும் ஒட்டுவதில்லை, வெட்டுவதில்லை, அராவுவதில்லை என்று முடிவெடுத்தோம். முதலில் ஒரு கொப்பியை எடுத்தோம். மிஞ்சிய இரண்டு பெட்டிகளோடு இருபது சுற்று ஓட்டி, ஒவ்வொரு தடவை விழும்போதும் நான்கு விஷயம் எழுதினோம்: எந்த இடம், எந்தப் பெட்டி, எந்தச் சில்லு, இழுக்கும்போதா தள்ளும்போதா.

பதினான்கு தடவை விழுந்தது. அதில் ஆறு ஒரே இடத்தில். அங்கே எந்தப் பெட்டி என்ற வேறுபாடு இல்லை. ஐந்து, தண்டவாளத்தை அழகுக்காக ஒரு பக்கம் வளைத்து உடனே மறுபக்கம் வளைத்திருந்த இடத்தில். அங்கே இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே விழுந்தன. மீதி மூன்றும் கண்ட கண்ட இடங்களில். ஆனால் எப்போதும் பின்பெட்டி மட்டும்.

அந்தக் கணக்கே பாதி விடையைச் சொல்லிவிட்டது. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் பிழை தண்டவாளத்தில். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் விழுந்தால் பிழை அந்தப் பெட்டியில். இரண்டு பெட்டிகள் சோடியாக விழுந்தால் பிழை அவற்றுக்கு இடையில், அதாவது கொளுவியில் அல்லது வளைவின் அமைப்பில். “கோச்சி பழுது” என்று ஒற்றைச் சொல்லில் சொன்னது உண்மையில் மூன்று வேறு நோய்கள்.

விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி

ஆறு தடவை விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தோம். அங்கே தண்டவாளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மருமகன் தொலைபேசியில் மெதுவான வேகத்தில் காணொளி எடுத்தான். அப்போதுதான் புரிந்தது. சில்லு தண்டவாளத்தின் மேல் ஏறியது ஒரு சாண் முன்னால், இரண்டு துண்டுகள் சேரும் மூட்டில். ஏறிய சில்லு விளிம்பின் மேலேயே கொஞ்ச தூரம் ஓடி, பிறகுதான் கீழே விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது விழுந்த இடத்தை. பிழை இருந்ததோ ஏறிய இடத்தில்.

உண்மையான புகையிரதங்கள் தடம்புரளும்போதும் விசாரணை செய்பவர்கள் இதைத்தான் செய்வார்கள். பெட்டி கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் தொடங்கி, தண்டவாளத்தில் சில்லின் விளிம்பு ஏறிய முதல் கீறல் எங்கே இருக்கிறது என்று பின்னோக்கித் தேடிப் போவார்கள். அந்தக் கீறலுக்கு முன்னால் உள்ள தண்டவாளத்தைத்தான் அளப்பார்கள்: அகலம் சரியா, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா, எங்காவது முறுக்கு இருக்கிறதா என்று.

எங்கள் மூட்டில் இருந்தது மிகச் சிறிய கோணல். கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பார்த்தால் மட்டும் தெரிந்தது. விரல் நகத்தை உள்விளிம்பு வழியே ஓட்டினால் தட்டுப்பட்டது. காரணம், நாங்கள் பாயின் மேல் தண்டவாளத்தை விரித்திருந்தோம். பாய் ஒரு இடத்தில் எழும்பும், ஒரு இடத்தில் அமுங்கும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று வாங்கி, அதன்மேல் தண்டவாளத்தைப் பதித்து, மூட்டுகளின் இணைப்புத் தகடுகளைக் குறட்டால் மெதுவாக இறுக்கி, உள்விளிம்பில் நகத்தில் தட்டுப்பட்ட பிசிறை நுண்ணிய அரத்தாளால் தடவிவிட்டோம். எதையும் அராவுவதில்லை என்ற எங்கள் விதிக்கு இந்தப் பிசிறு மட்டும் விலக்கு. அந்த ஆறு விழுகையும் அன்றோடு நின்றது. பெட்டியைத் தொடவே இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் இந்தத் தண்டவாளங்கள் விரைவில் மங்கிவிடும், துருவும் பிடிக்கும். ஓட்டி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடிவையுங்கள். சில்லிலும் அழுக்குப் படியும். அது கட்டியாகிவிட்டால் சில்லு உருளாமல் துள்ளும்.

நகைக்கடையில் அளந்த சில்லு

அடுத்தது பின்பெட்டி. அதன் ஒரு அச்சில் இரண்டு சில்லுகளுக்கும் இடையில் உள்ள தூரம் குறைவோ என்று சந்தேகம். எங்களிடம் இருப்பது எச்.ஓ. எனப்படும் அளவு; உண்மையானதின் 87இல் ஒரு பங்கு. இதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர் இருக்கும். ஒரு அச்சிலுள்ள இரண்டு சில்லுகளின் உள்முகங்களுக்கு இடையில் சுமார் 14.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் வளைவில் வெளிப்படும்.

இதை அடிமட்டத்தால் அளக்க முடியாது. ஊரில் நகை செய்யும் அண்ணன் ஒருவரிடம் வேர்ணியர் இடுக்கி இருக்கிறது. பெட்டியைக் கொண்டுபோனோம். மோதிரம் அளக்கும் இடத்தில் கோச்சிச் சில்லை வைத்ததும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூன்று அச்சு சரி. நான்காவது 13.8. “சேர், இது நெருங்கிப் போயிருக்கு” என்று சொல்லி அவரே இரண்டு சில்லுகளையும் பிடித்து மெதுவாகச் சுழற்றியபடி இழுத்துச் சரியாக்கித் தந்தார். காசு வாங்கவில்லை.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று மருமகன் கேட்டான். அதற்கு உண்மையான சில்லு எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. சில்லின் ஓரத்தில் இருக்கும் விளிம்புதான் வண்டியை வளைவில் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வேலையைச் செய்வது சில்லின் சரிவு. சில்லு உருளை வடிவமல்ல. உட்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும், கூம்புபோல் இருக்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது வெளித் தண்டவாளத்தில் சில்லின் பெரிய விட்டமும் உள்தண்டவாளத்தில் சிறிய விட்டமும் உருளும். வெளிச்சில்லு கூடுதல் தூரம் போவதால் அச்சு தானாகவே திரும்பும். விளிம்பு கடைசிக் காவல். வளைவு கூர்மையாகக் கூர்மையாகச் சரிவு போதாமல் போகும். விளிம்பு தண்டவாளத்தை உரசத் தொடங்கும். நானுஓயாவுக்கு மேலே, பதுளைக் கோச்சியில் போனவர்கள் வளைவுகளில் கேட்கும் அந்தக் கிறீச்சிடும் சத்தம் இதனோடு சேர்ந்ததுதான்.

முக்காலியும் நாற்காலியும்

சில்லு சரியான பிறகும் பின்பெட்டி இடைக்கிடை விழுந்தது. இப்போது போகிகளைப் பார்த்தோம். ஒவ்வொரு போகியும் ஒரு திருகாணியால் பெட்டியோடு பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் இறுக்கமாக இருந்தன.

இதற்கு வீட்டிலேயே விளக்கம் இருக்கிறது. சமமில்லாத நிலத்தில் நாற்காலியை வைத்தால் ஒரு கால் தூக்கும். முக்காலியை வைத்தால் மூன்று காலும் எப்போதும் நிலத்தில் இருக்கும். பெட்டியை முக்காலியாக்க வேண்டும். ஒரு போகியின் திருகாணியைப் பக்கவாட்டில் சாயாதபடி, ஆனால் தாராளமாகச் சுழலும்படி இறுக்க வேண்டும். மற்றப் போகியை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசையவிட வேண்டும். முதலாவது போகி பெட்டிக்கு இரண்டு கால். இரண்டாவது போகி ஒரு கால். அப்போது தண்டவாளம் ஓரிடத்தில் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் எட்டுச் சில்லும் அதைத் தொட்டபடியே போகும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி குடிகாரனைப் போல் தள்ளாடும். அதுவும் கூடாது.

பிறகு சில்லு எங்காவது முட்டுகிறதா என்ற சோதனை. பெட்டியின் படிக்கட்டோ, அடியில் தொங்கும் சிறு பாகமோ போகி முழுதாகத் திரும்புவதைத் தடுக்கலாம். தங்கையின் சுருமாக் குப்பியை இரவல் வாங்கி, சில்லின் விளிம்பில் கொஞ்சம் தடவி, பெட்டியைக் கையால் வளைவில் தள்ளினோம். படிக்கட்டின் உட்பக்கத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. அங்கேதான் உரசல். திருகாணிக்குக் கீழே மெல்லிய வாசர் ஒன்று போட்டதும் பெட்டி அரை மில்லிமீற்றர் உயர்ந்தது, உரசல் போய்விட்டது. படிக்கட்டை வெட்டத் தேவை வரவில்லை.

எடை ஏன் உதவுகிறது?

ஓடும் சில்லின்மேல் இரண்டு விசைகள் இருக்கின்றன. ஒன்று பெட்டியின் எடை, கீழ்நோக்கி. மற்றது வளைவில் சில்லைத் தண்டவாளத்தின் பக்கம் தள்ளும் விசை. பக்கவிசை கீழ்விசையோடு ஒப்பிடும்போது ஒரு அளவைத் தாண்டினால் விளிம்பு தண்டவாளத்தில் ஏறிவிடும். இந்த விகிதத்துக்கு ஒரு சூத்திரம் தந்தவர் நடால் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். 1908இல் வெளிவந்த அந்தக் கணக்கை இன்றும் உலகெங்கும் புகையிரதப் பொறியியலில் பயன்படுத்துகிறார்கள். வெற்றுப் பெட்டிகள் நிறைந்த பெட்டிகளைவிடச் சுலபமாகத் தடம்புரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பெட்டிகள் பிளாஸ்ரிக். நகைக்கடைத் தராசில் ஒன்று 128 கிராம் காட்டியது. அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் இதற்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். எங்கள் பெட்டி 12 அங்குலம். ஆகவே 7 அவுன்ஸ், ஏறத்தாழ 198 கிராம். 70 கிராம் குறைவு.

மூதூரில் எடை என்றதும் எல்லோருக்கும் வலையில் கட்டும் ஈயம்தான் நினைவுக்கு வரும். பக்கத்து வீட்டு மீனவர் கையோடு ஒரு பிடி கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் கையாளும் பொருளில் ஈயம் வேண்டாம் என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், அது நஞ்சு. இரும்புக்கடையில் வாங்கிய வாசர்களைப் பெட்டியின் தரையில், நடுக்கோட்டில், இரு முனைக்கும் சமமாகப் பரப்பி ஒட்டினோம். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கூரைப் பக்கம் வைத்தால் பெட்டி சாய்ந்து விழும். எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு எடையாக இருப்பதும் முக்கியம். முன்னால் இலேசான பெட்டியும் பின்னால் பாரமான பெட்டியும் இருந்தால், எஞ்சின் இழுக்கும்போது இலேசான பெட்டி வளைவின் உட்பக்கம் இழுபட்டு விழும்.

மலைநாட்டை விடக் கூர்மையான வளைவு

மிஞ்சியது அந்த ஐந்து விழுகை. இரண்டு பெட்டிகளும் சோடியாக விழுந்த இடம். இதற்குத்தான் காகிதமும் பென்சிலும் தேவைப்பட்டன.

நீண்ட பெட்டி வளைவில் நிற்கும்போது அதன் நடுப்பகுதி வளைவின் உட்பக்கம் தள்ளி நிற்கும். இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வளைவின் ஆரை 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீற்றர். பெட்டி 30 சென்றிமீற்றர். இரண்டு போகிகளின் முளைகளுக்கும் இடையில் 21 சென்றிமீற்றர். பைதகரஸ் தேற்றம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: பெட்டியின் முனை தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 12 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக வெளியே நிற்கிறது. எஞ்சின் குட்டையானது. அதன் முனை 8 மில்லிமீற்றர் அளவில்தான் நீட்டுகிறது.

ஒரே திசை வளைவில் இரண்டு பெட்டிகளின் முனைகளும் ஒரே பக்கம் நீட்டும். ஆகவே கொளுவிகள் நேருக்கு நேர் இருக்கும். ஆனால் இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் பாம்பு வளைவில், ஒரு பெட்டியின் முனை ஒரு பக்கமும் அடுத்ததன் முனை எதிர்ப்பக்கமும் நீட்டும். 12ம் 12ம் சேர்ந்து 25 மில்லிமீற்றர் வரை வரும். தண்டவாளத்தின் அகலமே 16.5தான்! கொளுவி அவ்வளவு தூரம் பக்கவாட்டில் அசையாது. அசைய முடியாத இடத்தில் அது ஒரு நெம்புகோலாக மாறி, பெட்டியின் முனையைப் பிடித்துத் தண்டவாளத்திலிருந்து இழுத்துத் தள்ளும். சில்லும் சரி, போகியும் சரி, எடையும் சரி, என்றாலும் விழும்.

தீர்வு சுலபம். ஒரு வளைவுக்கும் எதிர் வளைவுக்கும் இடையில் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த்தண்டவாளம் இருக்க வேண்டும். எங்கள் பலகையில் அதற்கு இடமில்லை. மருமகனுக்கு மிகவும் பிடித்த பாம்பு வளைவு அதுதான். அரைநாள் பேசாமல் இருந்தான். பிறகு தானே கழற்றினான்.

அன்று அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரை ஐந்து செயின், ஏறத்தாழ 100 மீற்றர். அதை 87ஆல் பிரித்தால் 1.15 மீற்றர். அதாவது, தெமோதரைப் பக்கம் பார்க்கும் அந்த வளைவுகளை எங்கள் பலகையில் அளவு பிசகாமல் செய்ய வேண்டுமென்றால், வட்டத்தின் விட்டம் மட்டும் இரண்டே கால் மீற்றருக்கு மேல். எங்களிடம் இருந்தது 46 சென்றிமீற்றர் ஆரை. நிஜ உலகில் அது 40 மீற்றர் ஆரைக்குச் சமம். மலைநாட்டுப் பாதையைவிட இரண்டரை மடங்கு கூர்மையான வளைவில், கனடாவின் சமவெளியில் ஓடும் நீண்ட பெட்டியை ஓடச் சொல்லியிருக்கிறோம். அது விழுந்ததற்காக அதைக் குறை சொன்னோம்.

இந்தப் பொருத்தமின்மை பொம்மைக்கு மட்டும் உரியதல்ல. களனிவெளிப் பாதை முதலில் இரண்டரை அடி அகலக் குறும்பாதையாகப் போடப்பட்டது. குறும்பாதையில் வளைவுகளைக் கூர்மையாக வளைக்கலாம். 1990களில் அதை ஐந்தரை அடி அகலப் பாதையாக மாற்றினார்கள். பாதை அகலமானது, ஆனால் அந்தப் பாதையின் கூர்மையான வளைவுகள் இன்றும் பெயர்பெற்றவை, வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. சென்னை பெரம்பூரின் பெட்டித் தொழிற்சாலை வழக்கமாகச் செய்துவந்த நீண்ட பெட்டியின் உடல் 21.3 மீற்றர், இந்தியாவின் அகலப்பாதைக்கு விதிக்கப்பட்ட மிகக் குறைந்த வளைவு ஆரை 175 மீற்றர். பெட்டியையும் வளைவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது அங்கே விதி. பொம்மை வாங்கும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை.

மாதிரிப் புகையிரதம் ஓட்டுபவர்களிடையே ஒரு அனுபவக் கணக்கு உண்டு. வளைவின் ஆரை பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் கவலையில்லை. இரண்டரை மடங்கு என்றால் பெரும்பாலும் ஓடும். இரண்டு மடங்கு என்றால் ஒவ்வொன்றையும் சரிபார்த்து ஓட்டலாம். எங்களுடையது ஒன்றரை மடங்கு. வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு யாராவது வாங்கி அனுப்புவதாக இருந்தால், இந்த ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுங்கள்: குட்டைப் பெட்டி வாங்கட்டும், அல்லது பெரிய வளைவு வாங்கட்டும். மின்பெட்டியையும் கவனிக்கச் சொல்லுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. அங்கிருந்து வருவதை நேரடியாகச் சுவரில் செருகினால் எரிந்துவிடும். நாங்கள் தெரிந்த மின் வேலைக்காரர் ஒருவரிடம் காட்டிய பிறகுதான் பூட்டினோம்.

சாச்சாவுக்குச் சொன்னது

பெரிய வளைவு மூதூரிலும் கிடைக்காது, திருகோணமலையிலும் கிடைக்காது. சாச்சாவிடம் கேட்கத்தான் வேண்டும். கேட்பதென்றால் பெட்டி விழுந்ததையும் பசை போட்டு ஒன்றை உடைத்ததையும் சொல்ல வேண்டும். மருமகன் இரண்டு நாள் தயங்கினான். மூன்றாம் நாள் கொப்பியோடு தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்து, இருபது சுற்று, பதினான்கு விழுகை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சாச்சா, “நான் பெட்டிட அழகப் பாத்து வாங்கினன் மகன். வளைவ யோசிக்கல்ல” என்றார்.

22 அங்குல ஆரையுள்ள பதினாறு துண்டுகள் நாலு வாரத்தில் இன்னொருவரின் பயணப்பையில் வந்து சேர்ந்தன. பதினாறும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். நாலடிப் பலகைக்கு அதுதான் உச்சம். இந்த வளைவில் பெட்டியின் முனை 12க்குப் பதிலாக 10 மில்லிமீற்றர் நீட்டுகிறது. பெரிய வித்தியாசம் இல்லைதான். 56 சென்றிமீற்றர் என்பது பெட்டியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. என்றாலும் மூட்டு, சில்லு, போகி, எடை எல்லாம் சரியாக இருந்ததால் அந்தச் சிறு வித்தியாசம் போதுமாக இருந்தது. இருபது சுற்று ஓட்டினோம். ஒரு விழுகை, அதுவும் பின்னோக்கித் தள்ளும்போது. தள்ளுவதை நிறுத்திவிட்டோம்.

கண்காட்சி அன்று இரண்டு பெட்டிகள் ஓடின. போகி உடைந்த மூன்றாவது, பலகையின் ஓரத்தில் அட்டையால் செய்த நிலையத்தில் நின்றது. நிலையத்துக்கு மருமகன் வைத்த பெயர் மூதூர். எஞ்சினின் பக்கத்தில் ‘ஒன்ராறியோ’ என்று எழுதியிருந்தான். சாச்சா கனடாவில் இருப்பதால் வைத்த பெயர் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். அவன் திருத்தினான்: கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா இலங்கைக்குத் தந்த எம்2 எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள், அதில் ஒன்று ஒன்ராறியோ. வளைவு தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சிறு பலகை ஒன்றும் நட்டிருந்தான்.

முன்பு சிரித்த பிள்ளைகளில் ஒருவன் வந்து, “அன்டைக்கு விழுந்த கோச்சிதானே? என்ன செஞ்ச?” என்று கேட்டான். மருமகன் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினான்.